அம்மன் தலையில் விழுந்த தண்ணீர்

“கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி எழுதிக் குடுங்க ஆன்ட்டி” என்று இப்போதைய முதலாளி கேட்டார். பழைய முதலாளியின் மகன். நல்ல பிள்ளைதான். மழைநீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாராம். பழைய ஆட்கள் அவரவர் அனுபவத்தை அதில் எழுத வேண்டுமாம். என்னிடம் போய் ஊக்கம் கேட்டால் நான் எங்கே போவேன்? இருப்பதைத்தானே கொடுக்க முடியும். படித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் தூக்கிப் போடட்டும்.

பைப்பை எந்தச் சரிவில் போடுவது, தொட்டிக்கு அடியில் எவ்வளவு கனத்தில் கான்கிரீட் ஊற்றுவது என்பதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். அதற்கு நான் தேவையில்லை. ஆட்கள் சுற்றி நின்று கத்தும்போது, போனில் முதலாளி “பேசாம வீட்டுக்குப் போ” என்னும்போது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

முதலில் ஒரு சின்னக் கதை. நான் வேலைக்கு வந்த புதிதில் உலு திராமில் ஒரு வீடமைப்புத் திட்டம். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு நீலத் தொட்டி வைத்தோம். வைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன், கூரையிலிருந்து தொட்டிக்குப் பைப்பே இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த போர்மேனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ரொட்டி சானாயை மென்றுகொண்டே கேட்டார்.

“தொட்டி இருக்கா?”

“இருக்குண்ணே.”

“பிளான்ல தொட்டி கேட்டாங்களா, தண்ணி கேட்டாங்களா?”

“தொட்டிதான்.”

“அப்ப முடிஞ்சது லா. போய் பசியாறு.”

பார்வையிட வந்த அதிகாரி தொட்டியைத் தட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. காலையில் நாங்கள்தான் குழாய் போட்டு நிரப்பி வைத்திருந்தோம். தொட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அந்தத் தொட்டிகளின் மேல் கருவேப்பிலைச் செடி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

அங்கே தண்ணீரே வேண்டாம் என்றார்கள். பாசிர் கூடாங் பக்கம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் மாரியம்மன் கோயிலில் அதற்கு நேர் எதிர். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்றார்கள். என் தலையெழுத்து அந்த இடத்தில்தான் மாறியது.

அந்தக் கோயில் எனக்கு வீடு மாதிரி. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. என் மகள் தர்ஷினி அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகாத குழந்தை. கோயில் தலைவர் மாணிக்கம் அண்ணன்தான் முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் செய்தார். அவரும் அண்ணியும் தர்ஷினியைத் தங்கள் பிள்ளை போலவே பார்த்துக்கொண்டார்கள். அவள் கல்யாணத்துக்குத் தாங்களே தாரை வார்த்துக் கொடுப்பதாக அவர்களே சொன்னார்கள். புருஷன் இல்லாதவள் நான், அந்தச் சடங்கில் எனக்கு இடமில்லை. பெற்றவள் ஓரமாக நிற்க, யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் வந்து மகளைக் கொடுப்பதைவிட, அவளைத் தூக்கி வளர்த்தவர் கொடுப்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? ஆவணியில் கல்யாணம். கோயில் மண்டபம் எடுத்தாயிற்று. பத்திரிகையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீடு பொந்தியானில், கோயில் குளம் என்று ரொம்பப் பார்க்கிற குடும்பம்.

அதற்கு முந்தின மாதம்தான் ஆடித் திருவிழா.

கோயிலுக்கு மழைநீர்த் தொட்டி போட்டது எங்கள் கம்பெனிதான். நான்தான் முதலாளியிடம் நச்சரித்துப் போட வைத்தேன். கால் கழுவ, மண்டபம் கழுவ, கழிவறைக்கு, செடிக்கு. அவ்வளவுக்குத்தான் அந்தத் தண்ணீர். “குடிக்கக் கூடாது” என்று பலகையும் மாட்டினோம். மலாயில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் இல்லை. தமிழ்க் கோயிலில் தமிழில் இல்லை என்று நான் சொன்னதற்கு, ஸ்டாண்டர்ட் பலகை அப்படித்தான் வருகிறது என்றார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். மழை பெய்ய ஆரம்பித்ததும் கூரையைக் கழுவிக்கொண்டு வருகிற முதல் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அதைத் தனியாக ஒரு குழாயில் பிடித்து லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விட்டுவிட வேண்டும். அந்தக் குழாய் ஒன்றுதான் இந்த வேலைக்கு உயிர். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்.

கோயில் கூரையில் என்னவெல்லாம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். புறாவுக்குத் தானியம் போட்டால் புண்ணியம் என்று தினமும் போடுகிறார்கள். தானியம் தின்ற புறா எங்கே உட்காரும்? அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோற்று உருண்டையை மண்டபத்துக் கூரை மேல் வீசுகிறார்கள். அதற்கு மேல் தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து வருகிற கரி வேறு. வெயில் காலத்தில் அந்தக் கூரை வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. ஆற்றில் எதையோ யாரோ கொட்டிவிட்டார்கள், சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். ஜொகூரில் இருப்பவர்களுக்கு இது புதிதா என்ன? லோரியில் தண்ணீர் அனுப்புகிறோம் என்றார்கள். சனிக்கிழமை மாலை வரை லோரி வரவில்லை. கோயிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வைத்துச் சமையல்காரப் பாக்கியம் அக்கா கூழுக்குக் களி கிண்டி வைத்துவிட்டார். சனிக்கிழமை ராத்திரி கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. தொட்டி நிரம்பி வழிந்தது.

காலையில் நான் போனபோது கோயிலில் எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். “ஆத்தாவே தண்ணி குடுத்துட்டா!” என்று ஆளாளுக்குச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று சமையல் கட்டுக்குப் போயிருந்தது. அண்டா பக்கத்தில் முதல் வாளித் தண்ணீர் தயாராக இருந்தது. பார்த்தேன். பளிங்கு மாதிரி தண்ணீர். அதில் ஒரு தூசி, ஒரு இறகு மிதந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். ஒன்றும் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை ஒதுக்க உங்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. அதைச் சின்னக் குழந்தையே செய்யும்.

முதல் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பின்பக்கம் ஓடினேன். குழாயின் அடி வாயில் மூடி போட்டுப் பசை தடவி இறுக்கி அடைத்திருந்தது. கையால் திருகினேன், அசையவில்லை. அடைத்த குழாய் ஒரு தடவை நிரம்பிவிட்டால் அதோடு சரி, அதற்குப் பிறகு ஒவ்வொரு மழையின் அழுக்கும் நேரே தொட்டிக்குத்தான் போகும்.

“யார் பண்ணது இது?” என்று கத்தினேன்.

குணா வந்தான். செயற்குழுவில் இளைஞர் பொறுப்பு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், கோயில் என்றால் தூங்காமல் கொள்ளாமல் ஓடி வருகிற பையன். நான் பாராட்டப் போகிறேன் என்று நினைத்தான் பாவம்.

“நான்தான்கா. கும்பாபிஷேகம் முடிஞ்ச அன்னிக்கே அடைச்சிட்டேன். விமானத்து மேல விழுந்து வர்ற தண்ணிக்கா அது. அம்மா தலையில விழுந்த தண்ணி லோங்காங்ல போலாமா? பாவம் இல்லயா?”

அவனை என்ன சொல்லித் திட்டுவது? பக்தியில் செய்தான். கும்பாபிஷேகத்திலிருந்து இந்த ஆடி வரை பெய்த அத்தனை மழையும் அந்தக் கூரையைக் கழுவி அந்தத் தொட்டிக்குள்தான் போயிருக்கிறது. தெளிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

தலைவரிடம் போனேன். பட்டு வேட்டி, புதுத் துண்டு. வெளியே பால்குடம் எடுத்தவர்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். விரதம் இருந்த வயிறு, கைக்குழந்தையோடு பெண்கள், வரிசை கேட் வரை நின்றது.

“அண்ணே, இந்தத் தண்ணி வேணாம்ணே. லோரி வரட்டும்.”

“லோரி எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா இது குடிக்கற தண்ணி இல்லண்ணே. புறா எச்சம் பூரா உள்ள போயிருக்கு.”

“கொதிக்க வெச்சாப் போச்சு. எதுக்கு இவ்ளோ சத்தம்?”

பாக்கியம் அக்காதான் குறுக்கே மெதுவாகச் சொன்னார். “கூழை எங்கண்ணே கொதிக்க வைக்கிறது? களி நேத்தே கிண்டியாச்சு. இப்ப பச்சத் தண்ணியும் மோரும் ஊத்திக் கரைக்கிறதுதானே.”

“அப்ப தண்ணிய மட்டும் கொதிக்க வெச்சி ஆற வைங்க.”

“இத்தனை அண்டாவா? மத்தியானம் ஆயிரும்ணே. கரியும் ரசாயனமும் கொதிச்சாப் போகாது” என்றேன். “கடையில போத்தல் தண்ணி பாக்கலாம்.”

போத்தல் தண்ணீருக்கு ஆள் அனுப்பினோம். வெறுங்கையோடு வந்தான். ஊரே தண்ணீர் இல்லாமல் கிடக்கும்போது எந்தக் கடையில் இருக்கும்?

தலைவர் என் தோளைத் தட்டி, என்றைக்கும் பேசுகிற அதே அன்போடுதான் பேசினார். “மல்லிகா, ரப்பர் தோட்டத்துல ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க நாம. யாருக்கு என்ன ஆச்சு? ஆத்தா பாத்துக்குவா. நீ போய் முன்னால நில்லு, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க.”

நிஜம்தான். பொந்தியானிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அப்பா வந்திருந்தார்கள். தர்ஷினி அவர்கள் பக்கத்தில் புதுப் புடவையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, என்னம்மா என்று கண்ணாலேயே கேட்டாள்.

முதலாளிக்குப் போன் செய்தேன். பழைய முதலாளிக்கு. அவர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை.

“பலகை மாட்டியிருக்கோமா?”

“மாட்டியிருக்கோம் சார்.”

“அதோட நம்ம பொறுப்பு முடிஞ்சது. அவங்க குடிச்சா அவங்க பாடு. கஸ்டமரோட சண்டை போடாத. பேசாம வீட்டுக்குப் போ.”

போயிருக்கலாம். எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தலைவலி என்று சொல்லிவிட்டு தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வரிசையில் என் கண்ணில் பட்டதெல்லாம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளைகள்தான். மடைக்குழாய்ப் பெட்டியின் சாவி என் சாவிக்கொத்திலேயே இருந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவுவதற்கான பெரிய வால்வு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தொட்டியைப் பூட்டினால் பூட்டை உடைப்பார்கள் என்று தெரியும். போய்த் திறந்தேன். முழுதாகத் திறந்துவிட்டுப் பெட்டியைத் திரும்பப் பூட்டினேன்.

தண்ணீர் லோங்காங்கில் விழுந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. மேளம் நின்றது. குணா ஓடிவந்து என் கையைப் பிடித்தான், அதற்குள் சாவியைப் புல்லுக்குள் வீசிவிட்டேன். ஒரு தாத்தா குனிந்து சாக்கடையில் ஓடிய தண்ணீரை உள்ளங்கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் குனிந்தார்கள். அழுதார்கள். நான் அம்மனையே சாக்கடையில் தள்ளிவிட்டது மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் லோரி வந்தது. அதற்குள் பாதிக்கு மேல் கூட்டம் கலைந்துவிட்டது. கோயில் வந்த நாளிலிருந்து ஆடிக்குக் கூழ் ஊற்றாதது அதுதான் முதல் தடவை என்றார்கள். புளித்துப்போன களியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும் வாந்தி இல்லை, பேதி இல்லை. அதுதான் என் குற்றம். குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வராத நோயை நான் தடுத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வாரம் தாமானில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. ஆத்தா கோபம் என்று பேசிக்கொண்டார்கள். யாரால் கோபம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, என் வீட்டுப் பக்கம் திரும்பி மட்டும் பார்த்தார்கள்.

கம்பெனி கோயிலிடம் மன்னிப்புக் கேட்டது. என்னை வெளி வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தது. ஓய்வு பெறும் வரை நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தேன். அந்த அடைத்த குழாயைச் சரிசெய்யப் போன ஆட்கள் அதை அடியோடு கழற்றிவிட்டு, கூரையிலிருந்து நேரே தொட்டிக்குப் பைப் போட்டுவிட்டு வந்தார்கள். கஸ்டமர் விருப்பம். தலைகீழாக நின்று கத்தினேன், யார் கேட்டார்கள்?

பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி உள்ளேயே இருந்துவிட்டார். தலைவர் வாசலிலேயே நின்று பேசினார். கோபம்கூட இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“ஆத்தா குடுத்த தண்ணியவே வேணாம்னவ நீ. என் கைத்தண்ணி உன் பொண்ணுக்கு எதுக்கும்மா?”

கல்யாணம் நின்றுபோகவில்லை, அந்த மட்டும் மாப்பிள்ளை நல்லவர். உலு திராமில் வேறொரு கோயிலில் நடந்தது. கூலாயிலிருந்து தூரத்துச் சொந்தத்தில் ஒரு தம்பியும் அவன் மனைவியும் வந்து தாரை வார்த்தார்கள். எங்கள் தாமானிலிருந்து வந்தவர்கள் ஒரு மேசைக்குக்கூடத் தேறவில்லை. புடவை மாற்றும் அறையில் தர்ஷினி கண்ணாடியைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். “நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலம்மா. என் கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல.”

கொஞ்ச நாள் கழித்துப் பாக்கியம் அக்கா வந்தார். முன்வாசல் வழியாக இல்லை, பின்கட்டு வழியாக. முறுக்கு கொண்டுவந்தார். உட்காரக்கூட இல்லை.

“நீ வால்வத் தொறக்கலன்னா நானே அண்டாவக் கவுத்திருப்பேன் மல்லிகா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. என் பேரப்புள்ளைங்களும் வரிசையில நின்னுச்சுங்க.”

“அதை அன்னைக்கு அங்க சொல்லியிருக்கலாமேக்கா.”

“அலமாக், எப்படிச் சொல்றது? நான் தெனம் கோயிலுக்குப் போறவ.”

முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

எனக்கு யாராவது நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? ஆமாம், எதிர்பார்த்தேன். நாலு பேர் முன்னால் ஒருத்தராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை என்று சொன்னால் பொய். இந்த வேலையில் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் கண்ணால் பார்த்தார்கள்?

போன ஆடிக்குத் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது ஒரு மகன், பேச ஆரம்பித்திருக்கிறான். “வாங்கம்மா, எத்தனை வருஷத்துக்கு அந்தப் பக்கம் போகாமயே இருப்பீங்க? தலைவரும் போய்ச் சேர்ந்துட்டாரு” என்றாள். போனோம். மண்டபத்து பெஞ்சில் உட்கார இடம் கொடுத்தார்கள். சின்ன வயதுப் பிள்ளைகள்தான் இப்போது செயற்குழுவில் இருக்கிறார்கள். ஒருத்தி என் பேரன் கையில் கூழ்க் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பார்த்தேன். தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சமையல் கட்டுப் பக்கம் போகிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பேரன் கையிலிருந்த கோப்பையை நைசாக வாங்கி பெஞ்சில் வைத்தாள். பையைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, அதிலிருந்து அவனுக்கு ஊற்றினாள். அதுவும் கூழ்தான்.

“வீட்லயே கரைச்சுக் கொண்டாந்துட்டேன்மா. நீங்க ஒன்னும் பேசாதீங்க. ப்ளீஸ்.”

அந்த பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக என்னை நம்பியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மற்றப் பிள்ளைகள் வரிசையில் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்? எழுந்தேன். “அம்மா” என்றாள். கையை உருவிக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனேன்.

“கூழுக்குத் தண்ணி எதுல புடிச்சீங்க?”

அங்கே இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “பைப்புத் தண்ணிதான் ஆன்ட்டி. அந்த ரப்பர் குழாய் அண்டா கழுவ.” பின்னாலிருந்து யாரோ, “அதே ஆன்ட்டிதான்டா” என்றார்கள். சிரித்தார்கள். அண்டா மேலிருந்த குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்தான். பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பெஞ்சில் தர்ஷினியும் பேரனும் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் அவள் காரும் இல்லை. பேரன் கையிலிருந்து வாங்கி வைத்த கோயில் கோப்பை மட்டும் பெஞ்சிலேயே இருந்தது. உட்கார்ந்து அதை எடுத்துக் குடித்தேன். நல்ல கூழ். உப்புதான் கொஞ்சம் குறைவு.